காய்ச்சலில் விழுந்த படைகள்

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில், திருகோணமலை மாவட்டத்தில் நீண்ட காலம் மலேரியா தடுப்பு வேலை செய்து ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை. பெரும்பாலும் அவர் பேசியபடியே தரப்படுகிறது.)



காலையில பிரட்டுக்குப் போய், சாயங்காலம் கொழுந்து நிறுத்துட்டு, அந்தக் களைப்போட வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். என்னைக் கூப்பிட்டவங்க, "திருகோணமலையில கொசு ஒழிப்பு வேலை செஞ்சீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். துறைமுகத்தில் இருக்கிற பட்டாளத்துக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம், அதுக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்க நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நான் பிறந்ததே மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துலதான். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்க குடும்பம் மூட்டை முடிச்சோட திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறியது. அப்போ எனக்குப் பதினைஞ்சு வயசு.

அங்கே போன முதல் மாரி மழை முடியுமுன்னே வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டோம். குளிர்னா அப்படி ஒரு குளிர். பட்டப்பகல் வெயிலில் சாக்கு, கம்பளி எல்லாம் போத்தினாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வேர்த்து ஊத்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி எழும்பி உட்காருவோம். ஒரு நாள் விட்டு மறுபடியும் அதே கதை. பக்கத்து வீட்டு ஊர்க்காரர்களுக்கும் காய்ச்சல் வந்ததுதான். ஆனால் அவர்கள் ரெண்டு நாளில் எழும்பி வயலுக்குப் போனார்கள். எங்களால் முடியவில்லை. என் கடைசித் தங்கைக்கு ஆறு வயசு. கொண்டுபோன இடத்தில் ரத்தம் பார்க்காமல் வெறும் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எந்த இடம் என்று நான் சொல்லப் போவதில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. அந்தக் கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஊர்க்காரர்கள் ஏன் எழும்பினார்கள், நாங்கள் ஏன் விழுந்தோம் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மலேரியா உள்ள இடத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சின்ன வயசிலிருந்து திரும்பத் திரும்ப அந்தக் காய்ச்சல் வந்து, உடம்பில் ஓரளவு தாங்குகிற சக்தி ஏற்பட்டிருக்கும். உயர்ந்த மலையில் மலேரியா இல்லை. மலையிலிருந்து இறங்கிப் போகிறவனுக்கு அந்தச் சக்தி கிடையாது. கடல் தாண்டி வருகிற பட்டாளக்காரனுக்கும் கிடையாது. அந்தக் கொசுவுக்கு நாங்களும் ஒண்ணுதான், வெள்ளைக்காரன் படையும் ஒண்ணுதான்.

அந்தப் படைகளின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். திருகோணமலை உலகத்திலேயே பேர்போன இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் அதுக்காகச் சண்டை போட்டார்கள். 1782ஆம் ஆண்டில் மட்டும் அந்தக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்தார்கள்.

1803இல் அவர்கள் கண்டியைப் பிடிக்கப் புறப்பட்டபோது ஒரு படை கொழும்பிலிருந்து போனது. இன்னொரு படை கர்னல் பார்பட் தலைமையில் திருகோணமலையிலிருந்து காட்டுவழியாகப் போனது. பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தார்கள். பெரிய எதிர்ப்பு இல்லை. ஊர் வெறிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வேலையைக் காட்டியது. காட்டுக் காய்ச்சல் என்று அந்தக் காலத்தில் எழுதி வைத்தார்கள். மலேரியா அதில் பெரும்பங்கு என்பதில் சந்தேகமில்லை. கூட்டம் கூட்டமாகச் சிப்பாய்கள் படுத்தார்கள். பார்பட்டும் அந்த ஆண்டிலேயே காய்ச்சலில் செத்தார். ஜூன் மாதம் கண்டி அரசனின் படை சூழ்ந்தபோது, மேஜர் டேவியிடம் துப்பாக்கி தூக்கக்கூடிய ஆட்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். டேவி சரணடைந்து, படுத்திருந்தவர்களை விட்டுவிட்டு, திருகோணமலைக்குத் திரும்பிப்போகப் புறப்பட்டார். கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுலுவ என்ற இடத்தில் மகாவலி பெருகி ஓடியது. கடக்க முடியவில்லை. அங்கேயே அந்தப் படை முடிந்தது.

நம்ம மலையில் பெய்கிற மழைதான் அந்த மகாவலி. கொத்மலை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று ஓடி, கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலில் விழுகிறது. ஆற்றங்கரைகளில் மலேரியாவும் கூடவே போனது. மலேரியா பரப்புகிற முக்கியமான கொசு, அனொபிலிஸ் சாதியைச் சேர்ந்தது, ஓடுகிற வெள்ளத்தில் முட்டையிடாது. வெள்ளம் வற்றி, மணல் படுகையில் வெயில் படுகிற தெளிந்த குட்டைகள் நிற்குமே, அதில்தான் இடும். 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றபோது கேகாலை, குருநாகல் பக்கம் பெரும் மலேரியா பரவி, 1935க்குள் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். நம்ம பக்கத்திலேயும் நடந்திருக்கிறது. 1985இல் கொத்மலை அணை கட்டி முடிந்து, அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறைந்த பிறகு, 1980களின் பிற்பகுதியில் கண்டிப் பக்கத்து ஆற்றோரங்களில் மலேரியா தலைகாட்டியது.

கொசுதான் மலேரியாவைக் கொண்டுபோகிறது என்று 1897இல் கண்டுபிடித்தவர் ரொனால்ட் றோஸ். அவரும் ஒரு பட்டாள டொக்டர்தான். இந்தியாவில் செகந்தராபாத்தில் இருந்துகொண்டு கண்டுபிடித்தார். படைக்கு டொக்டராக இருப்பவனுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் விளங்கும். குண்டடி பட்டவன் ஒருத்தன் என்றால் காய்ச்சலில் படுத்தவன் பத்துப்பேர். ஒருத்தன் படுத்தால் அவனைத் தூக்க ரெண்டு பேர், பார்க்க ஒருத்தர். கப்பல் துறைமுகத்தில் தயாராக நிற்கும், ஓட்டுவதற்கு ஆள் இருக்காது.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தக் கணக்கு இன்னும் பெரிதானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜப்பான்காரன் அதற்கு முந்திய மாதமே ஜாவாவைப் பிடித்திருந்தான் என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உலகத்துக் கொயினா மருந்தில் பெரும்பகுதி ஜாவாத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. மலேரியாவுக்கு அன்றைக்கு முக்கிய மருந்து அந்தக் கொயினாதான். ஒரேயடியாக நின்றுபோனது.

இந்த இடத்தில் நம்ம சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. கொயினா எடுப்பது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து. ஹக்கல பூந்தோட்டம் இருக்கிறதே, 1861இல் அதைத் தொடங்கியதே சிங்கோனா வளர்க்கத்தான். கோப்பிச் செடியில் நோய் விழுந்தபோது தொரைமார் முதலில் பாய்ந்தது தேயிலைக்கு அல்ல, சிங்கோனாவுக்கு. 1880களில் நம்ம மலைகளிலிருந்து பட்டை கப்பல் கப்பலாகப் போனது. எல்லாரும் நட்டதால் விலை விழுந்தது. பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டார்கள். லூல்கந்துரவில் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெயிலரும் சிங்கோனா வளர்த்தவர்தான். நம்ம பாட்டன்மார் அந்தப் பட்டையை உரித்தவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வரும்போது காய்ச்சலில் விழுந்து செத்தவர்களும் அவர்களோடு வந்தவர்கள்தான். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மருந்து கிடைத்தது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சரி, அதை விடுங்கள்.

கொயினா நின்ற பிறகு படைகளுக்கு மெபகிரின் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். கசப்பு. தின்றால் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று ஒரு புரளி வேற. சிப்பாய்கள் வாயில் போட்டுத் துப்பிவிடுவார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தலைமைக் காரியாலயத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்துதான் பர்மா யுத்தத்தை நடத்தினார். பர்மா முனையில் படை நடத்திய ஜெனரல் சிலிம் பிறகு எழுதியிருக்கிறார்: 1943இல் காயம்பட்டுத் தூக்கிக்கொண்டு வந்த ஒவ்வொருத்தனுக்கும், நோயில் விழுந்தவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் ஒரு வருஷத்தில் படையில் 100க்கு 84 என்ற கணக்கு. அவர் என்ன செய்தார்? திடீரென்று போய்ச் சிப்பாய்களின் உடம்பில் மாத்திரை ஏறியிருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக இருந்தால் சிப்பாயைத் தண்டிக்கவில்லை, அவனுடைய கட்டளை அதிகாரியை வேலையிலிருந்து இறக்கினார். மூன்று பேரை இறக்கிய பிறகு மற்றவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். நம்ம நாட்டில் சுகாதாரம் கெட்டால் திட்டு விழுவது எப்போதும் அடியில் இருக்கிறவனுக்குத்தானே.

மாத்திரையோடு சேர்ந்து கான்வெட்டும் நடக்கும். பட்டாளம் தங்குகிற இடமென்றால் சுற்றிலும் பள்ளம் தூர்க்க வேண்டும், தேங்கின தண்ணீரை வடித்துவிட வேண்டும், வடிக்க முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் ஏடு படிந்தால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். கான்வெட்டு என்றால் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே மண்வெட்டி, அதே வாட்டம் பார்க்கிற வேலை.

பிறகு டி.டி.டி. வந்தது. யுத்தத்தில் படைகளைக் காப்பாற்றக் கையிலெடுத்த மருந்து அது. 1945 கடைசியில் இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு அடிக்கத் தொடங்கினார்கள். 1946இல் ஏறக்குறைய 28 லட்சம் மலேரியா நோயாளிகள் பதிவான நாட்டில், 1963இல் பதிவானது 17 பேர். பதினேழு லட்சமில்லை, பதினேழே பேர். வெற்றி என்று சொல்லி மருந்தடிப்பை நிறுத்தினார்கள். ரத்தப் பரிசோதனை தளர்ந்தது. 1969இல் ஒரே வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. கொசுவுக்கும் டி.டி.டி. பழகிப்போனது. 1977இல் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறினார்கள். என் தங்கை போனது அந்தப் பதினேழுக்குப் பிந்திய காலத்தில்தான். இதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை.

1980களில் நான் மலத்தியன் அடிக்கிற கூலியாளாகச் சேர்ந்தேன். முதுகில் பம்பு, மூக்கில் துணி. அந்த நாத்தம் குளித்தாலும் போகாது. வீட்டுக்காரர்கள் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். சிலர் உள்ளே விடுவார்கள், சாமி அறைக்குள் மட்டும் விடமாட்டார்கள். சிலர் நாங்கள் போனதும் நாத்தம் தாங்காமல் சுவரைச் சாணி மண்ணால் மெழுகிவிடுவார்கள். மருந்து மெழுக்குக்குள்ளே போய்விடும்.

ஏன் சுவருக்கு அடிக்கிறோம் தெரியுமா? ரத்தம் குடித்த கொசுவுக்கு வயிறு பாரம். பக்கத்துச் சுவரில் போய் உட்கார்ந்து ஆறும். அப்போது மருந்து காலில் பட்டு ஏறும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. மலேரியாக்காரனைக் கடித்த கொசு உடனே நோயைக் கொடுக்காது. கிருமி கொசுவின் உடம்பில் வளர்ந்து எச்சிலுக்கு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். ஆகவே வயசான கொசுதான் ஆபத்து. எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, அதைக் கிழடாக விடாமல் பார்த்தால் போதும். இது விளங்கின பிறகு சாமி அறையைத் திறந்துவிட்ட வீடுகள் எத்தனையோ.

யுத்த காலத்தில் இந்த வேலை லேசாக இருக்கவில்லை. ஒவ்வொரு சாவடியிலும் பம்பை இறக்கித் திறந்து காட்ட வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் புலிகள் என்றிருந்த காலத்திலும் மலேரியா மருந்து இரண்டு பக்கமும் போனது. கொசுவை நிறுத்திவைக்க எந்தச் சாவடியாலும் முடியாது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. முகாமைச் சுற்றி முள்ளுக்கம்பி போடலாம். முகாமுக்கு வெளியே உள்ள கிராமத்தில் மலேரியா இருந்தால் உள்ளேயும் இருக்கும்.

யுத்தம் 2009இல் முடிந்தது. மலேரியாவும் அந்த நேரம் நன்றாகக் குறைந்திருந்தது. 2008இல் நாடு முழுக்க 670 பேர்தான். மிஞ்சின நோயாளிகளில் கணிசமான பங்கு இராணுவத்தினர். காட்டோர முகாமில் இரவெல்லாம் காவல், பதுங்குகுழி, திறந்தவெளித் தூக்கம். அவர்களுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கும்?

2010இல் ஒரு நாள் கந்தளாய்ப் பக்கம் போகும்போது வழக்கமான சாவடியில் ஒரு சிப்பாய். எப்போதும் பகிடி விடுகிற பொடியன். அன்றைக்கு மத்தியான வெயிலில் கம்பளியைப் போத்திக்கொண்டு மணல் மூட்டையில் சாய்ந்திருந்தான். என்ன மல்லி என்றேன். "உண ஐயே, ஹரிம உண" என்றான். மூன்று நாளில் லீவு. பசறைப் பக்கம் வீடு. அம்மா கையால் கொத்தமல்லி குடித்தால் சரியாகும் என்றான். நான் போகிற வேலையை விட்டுவிட்டு, முகாம் வைத்தியரிடம் சொல்லி, விரலில் குத்தி ரத்தம் எடுக்க வைத்தேன். மலேரியாதான். வைவாக்ஸ் என்கிற வகை. அது ஈரலில் போய் ஒளிந்துகொண்டு மாசக்கணக்கில் கழித்தும் திரும்ப எழும்பும். அதனால் காய்ச்சல் விட்டாலும் பிரைமாகுயின் மாத்திரையைப் பதினாலு நாள் விடாமல் விழுங்க வேண்டும். நாலாம் நாள் அவனுக்கு ஒண்ணுமில்லை, லீவில் போகிறேன் என்று நிற்கிறான். பெரியவர் விடவில்லை. பதினாலு நாளும் தன் முன்னாலேயே விழுங்க வைத்துத்தான் அனுப்பினார். பொடியன் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை, லீவைக் கெடுத்தேன் என்று. அவன் முந்தியே போயிருந்தால், பசறைப் பக்கத்துக் கொசு அவனைக் கடித்திருக்கும். அங்கேயும் நம்ம ஆட்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

அப்படி ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தம் பார்த்து, ஒவ்வொரு நோயாளியின் பின்னாலும் போய், மருந்தூட்டிய வலைகளைக் கொடுத்து, 2011இல் உள்நாட்டிலேயே தொற்றியவர்கள் 124 பேர், 2012இல் 23 பேர் என்று இறங்கி, 2012 ஒக்டோபரோடு நின்றது. 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது.

அப்போ இனி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். 1963இல் அப்படிக் கேட்டதால் வந்த வினையைத்தான் சொன்னேனே. கொசு போகவில்லை, கிருமிதான் போனது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் உடம்பில் அது இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2018இல் மொனராகலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது. உடனே பிடித்ததால் அதோடு நின்றது. போதாததற்கு 2017இல் மன்னாரில் அனொபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதுக் கொசுவைக் கண்டார்கள். இந்தியாவில் பட்டணத்துக் கொசு அது. ஆற்றுக் குட்டை தேவையில்லை, கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும்.

சமாதானப் படையாக ஹெய்ட்டிக்கும் ஆபிரிக்க நாடுகளுக்கும் போன நம்ம நாட்டுப் படையினருக்கு, புறப்படுமுன் தடுப்பு மாத்திரையும் திரும்பி வந்ததும் ரத்தப் பரிசோதனையும் ஏற்பாடு செய்தார்கள். படைக்குக் கட்டளை போடலாம். நமக்கு யார் கட்டளை போடுவது? இந்தியாவுக்குச் சபரிமலை போகிறவர்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆபிரிக்கப் பக்கம் வேலைக்குப் போகிற பொடியன்கள், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசம். திரும்பி வந்து காய்ச்சல் என்றால், மாசங்கள் கழித்து வந்தாலும், டொக்டரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டுக்குப் போய் வந்தேன் என்று சொல்லுங்கள். இப்போதைய இளம் டொக்டர்கள் பலர் மலேரியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த நினைப்பே வராது.

டெங்கு வேறு கதை. வேறு கொசு, பகலில் கடிக்கும். 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்ததே, அந்த வருஷ ஆரம்பத்தில் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாதான் பொல்லாத அடி வாங்கியது. துப்பரவுக்குப் படையினரும் இறங்கினார்கள். வளவு வளவாகப் போய்ச் சிரட்டையும் யோகட் கோப்பையும் பொறுக்கினார்கள். அந்தப் பொறுக்கல் வேலையைக் கேவலமாக நினைத்துச் சிரித்தவர்களும் உண்டு.

சரி, நேரமாகிறது. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். என் பையில் ஒரு வெள்ளை எனாமல் அகப்பை இருக்கிறது, வேலை செய்த காலத்தில் வைத்திருந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு, வெளிச்சம் போகுமுன் பீலிக்கரைப் பக்கமும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் உள்ள கானுக்கும் போவோம். தண்ணியில் அள்ளிக் காட்டுகிறேன். தலைகீழாகத் தொங்குகிற புழு சாதாரணக் கொசு. தண்ணி மட்டத்தோடு படுக்கையாகக் கிடந்தால் அது அனொபிலிஸ். சின்னவர்கள் முன்னால் வாங்க, அகப்பையை யார் பிடிக்கிறீங்க?